ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

மார்ச் 3, செவ்வாய்

தங்கச்சி மகளின் பள்ளிக்கூடத்தில் இன்று பாடம் நடத்தினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், ஒன்பதாம் வகுப்புக்குள் முதல் தடவை காலடி வைத்ததே வாத்தியாராகத்தான். சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகளை ஏரிக்கரையில் முகாமுக்கு அழைத்துப் போகிறார்கள். காலி டிரம்களையும் மூங்கிலையும் கயிற்றால் கட்டி, தாங்களே மிதவை செய்து, தண்ணீரில் போட்டி. கட்டச் சொல்லித்தர ஆள் தேடியிருக்கிறார்கள். "எங்க மாமா லாரி ஓட்டுறார் மிஸ், கயிறுன்னா அவர்தான்" என்று கை தூக்கியிருக்கிறாள் வாலு. தங்கச்சி மகளுக்கு அந்தப் பட்டப்பெயர் நான் வைத்தது.

லாரி முடிச்சைக் கற்றுக்கொடுத்தேன். யானையை மலை ஏற்றிய முடிச்சு இது என்றேன். (பசுமாடு. அதுவும் கன்றுக்குட்டி.) கைதட்டல். பி.டி. டீச்சர் என்னை "சார்" என்றார். முகாமுக்கும் வரச் சொல்லிவிட்டார்.

"அண்ணன் கூடப் போனா இவளை அனுப்புறேன். இல்லேன்னா தண்ணிப் பக்கமே போகக் கூடாது" என்றாள் தங்கச்சி. வாலு என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவரை வந்தாள். ஆறாம் வகுப்புக்குப் பிறகு அவள் அப்படி வந்ததில்லை.

மார்ச் 6, வெள்ளி

உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. வகுப்பில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கிறது. என்ன அது?

மார்ச் 9, திங்கள்

என்னவென்று தெரிந்துவிட்டது.

குடோனில் மூட்டை இறக்க வந்தவன் முடிச்சிலிருந்து தொங்கும் கயிற்று வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். கட்டு முழுவதும் பொலபொலவென்று விழுந்தது. "அண்ணே, உங்க முடிச்சு மாதிரி வருமா? தொட்டாலே விட்டுடுது" என்றான். தினமும் கேட்கிற பாராட்டு. இன்று காது எரிந்தது.

சரக்கு இறக்கும்போது சட்டென்று அவிழ வேண்டும் என்றுதானே அப்படிக் கட்டுகிறோம். ஏரி நடுவில் ஒரு பிள்ளையின் கால் அந்த வாலில் மாட்டினால்?

ஐயோ. எதைச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கேன் நான்?

எல்லோருக்கும் மிதக்கும் அங்கி கொடுப்பார்கள். சரி. டிரம் உருண்டு மண்டையில் மோதினால் அங்கி என்ன செய்யும்? டீச்சர் நம்பர் வாலுவிடம் இருக்கிறது. கேட்டால் எதுக்கு என்பாள். நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 12, வியாழன்

நாளைக்கு முகாம். டீச்சரிடம் சொல்வதுதான் முதல் வேலை. பஸ் ஏறும் முன்பே சொல்லிவிடுவேன்.

மார்ச் 13, வெள்ளி

பஸ் ஏறும் முன்பு சொல்லவில்லை. இறங்கியும் சொல்லவில்லை. "இவர்தான் யானை மாமா" என்று வாலு வேறு வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் என்னைக் காட்டினாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

பிள்ளைகள் கட்டினார்கள், எல்லாம் என் முடிச்சு. அச்சு அசல். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். "வாலை நீளமா விடாதீங்க" என்றேன். "இன்னும் ஒரு சுத்து சுத்துங்க" என்றேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

முதல் மிதவையில் வாலு ஏறி உட்கார்ந்தாள். டீச்சர் விசிலை வாயில் வைத்தார்.

"நிறுத்துங்க டீச்சர்" என்று ஓடினேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒரு வாலைப் பிடித்து இழுத்தேன். மூங்கில் சரிந்து, டிரம் உருண்டு தண்ணீரில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இது லாரிக்குத்தான் ஆகும். தண்ணிக்கு ஆகாது. தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"தெரிஞ்சும் காலையில இருந்து ஏன் சார் சும்மா இருந்தீங்க?" என்றார் டீச்சர். அந்த சார் வேறு சார்.

எல்லாவற்றையும் பிரித்து, டீச்சர் செல்போனில் பார்த்துச் சொன்னபடி திரும்பக் கட்டி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. போட்டி இல்லை என்றார்கள். கரையோரமாக ஆளுக்குக் கொஞ்சம் மிதந்தார்கள். திரும்பும்போது வாலு பஸ்ஸில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

லாரியைக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 15, ஞாயிறு

தங்கச்சி சாப்பிடக் கூப்பிட்டாள். போகாமல் இருக்கக் காரணம் யோசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கே கிடைக்கவில்லை!

"என்ன மச்சான், முகாம்ல பெரிய ஆளாமே?" என்றார் தங்கச்சி புருஷன். "சூறைக்காத்துல மிதவை கவுந்ததும் குதிச்சு மூணு பிள்ளைகளைத் தூக்கினீங்களாமே. இவ சொன்னா."

வாலு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதையின் போக்கைப் பார்த்ததுமே தெரிந்தது, சரக்கு நம்முடையது, யானை ரகம். எனக்காக இறக்கியிருக்கிறாள். நாலாவது பிள்ளை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்ல மாப்பிள்ளை. காத்தும் அடிக்கல, நான் குதிக்கவும் இல்ல. முடிச்சைத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். பிள்ளைங்களுக்குப் போட்டி போனதே என்னாலதான்."



"அப்ப அந்த யானை?" என்றாள் தங்கச்சி.

"கன்னுக்குட்டி."

வாலுவுக்குப் புரை ஏறிவிட்டது. இருமி முடித்து, "நான் மூணு பிள்ளைன்னு சொல்லிக் காப்பாத்தினா, நீங்களே கவுத்துட்டீங்களே மாமா" என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாள்.

நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு தடவை வாங்கினேன். (மூன்று.)