அந்தப் பொட்டலங்களைத் திறக்காதே

ஆஷ் க்ரீக், விஸ்கான்சின்
புதன் இரவு

அன்புள்ள ப்ரிட்டா அக்காவுக்கு,

உன் தங்கை சிக்னி எழுதுவது. நீயும் டெரெக் அத்தானும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மற்றதைப் பிறகு படி. முதலில், நன்றி நாள் விருந்துக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது அப்பா உங்கள் காரில் ஏற்றினாரே, ஐஸ் பெட்டி, அதில் இருந்த மான் இறைச்சியைத் தொடாதே. சாசேஜும் அதே மான்தான். உங்கள் நாய் பஸ்டருக்கும் போடாதே. இரண்டு பைகளில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிடு, காட்டில் மட்டும் எறியாதே. அந்த மானுக்கு நோய் இருந்தது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். என் போன் அப்பாவிடம் இருக்கிறது. பள்ளிக் கணினியில் எழுதினால் ஆசிரியர்கள் பார்க்க முடியும். அப்பா கீழே படுத்திருக்கிறார், அவர் இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அக்கா, அந்த மானை நான் சுடவில்லை. தீவனக் கடைப் பலகையில் "சிக்னியின் முதல் மான்" என்று படம் ஒட்டியிருக்கிறார்கள், நீயும் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாய். ராத்திரியில் விளக்கடித்து மான் சுட்டு மாட்டிக்கொண்டதில் அப்பாவின் வேட்டை உரிமத்தைப் பிடுங்கியது உனக்குத் தெரியும். அது திரும்பக் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். கோடையில் என்னை வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்த்தாரே, என்னோடு காட்டுக்குப் போக ஆசைப்படுகிறார் என்று நினைத்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அவருக்கு வேண்டியிருந்தது என் பெயரில் ஓர் உரிமம்.

மான் சுட்ட அன்று மரத்துப் பரண்மேல் ஏறியதும் என்னை மட்டும் மரத்தோடு வாரால் கட்டினார். நீங்களும் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். "எனக்கெதுக்குடி, நான் என்ன தொட்டில் பிள்ளையா?" என்றார். விடிந்ததும் அது வந்தது. பெரிய ஆண்மான், கொம்பில் பத்துக் கிளை. பரண் பலகை கிரீச் என்றது, ஆனால் அது தலையைத் தூக்கவில்லை. காதுகள் தொங்கியிருந்தன, வாயிலிருந்து எச்சில் நூல்போல இறங்கியது. ஒரு வெண்வால் மான் அந்தச் சத்தத்துக்கு வாலைத் தூக்கிக்கொண்டு பறந்திருக்க வேண்டும். "பாரு கண்ணு, நமக்குன்னே நிக்குது," என்று அப்பா என் காதில் சொன்னார். என் தோளுக்கு மேலாகச் சுட்டார். இறங்கியதும் துப்பாக்கியை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார். "சிரிடி, யாரோ செத்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்க!" என்றார். சிரித்தேன்.

கொம்பை அறுத்துக்கொண்டு தலையைக் கொட்டகைக்குப் பின்னால் எறிந்துவிட்டார். நம் பக்கத்து மான் என்றால் தலையைச் சோதனைக்குக் கொடுக்காமல் இறைச்சியைத் தொடாதீர்கள் என்று வேட்டை வகுப்பு எடுத்த விர்ஜில் மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்பாவிடம் கேட்டேன். "அவன் பேச்சக் கேட்டா காரட் தின்னுதான் உயிர் வாழணும்," என்றார். நீ பிள்ளைத்தாச்சியாக வரப்போகிறாய் என்பதே எனக்கு ஞாபகம். கையுறை போட்டுக்கொண்டு அந்தத் தலையைப் பையில் கட்டி, சறுக்கு வண்டியில் இழுத்துப்போய், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் சோதனைத் தலைகளுக்காக வைத்திருக்கும் தொட்டியில் போட்டேன். சீட்டில் என் பெயரும் என் போன் எண்ணும்தான் எழுத முடிந்தது.

நீ வருவதற்குள் முடிவு வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை. அப்பா அந்த ஐஸ் பெட்டியை உங்கள் காரில் வைத்தபோது நான் வாசலில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை சோதனை செய்யும் வனத்துறையிலிருந்து போன் வந்தது. பேசிய பெண் நல்லவர். "நீதானேம்மா சுட்டது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மானின் மூளையை அரிக்கும் நோயாம். மனிதருக்கு வந்ததாக இதுவரை தெரியாது, ஆனாலும் சாப்பிடவே கூடாது, வேகவைத்தாலும் உறையவைத்தாலும் அது சாகாது என்றார். பிறகு எந்த இடத்தில் சுட்டேன் என்று கேட்டார். ஒரு மரத்துகிட்ட என்று இழுத்தேன். "பரவால்லடா, வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் எங்க ஆளு ஒருத்தர் வருவாரு, நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு," என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். அடிக்கவில்லை, அக்கா. அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மெதுவாகப் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எங்க தாத்தா காலத்துலேருந்து இந்தக் காட்டு மானத் தின்னுதான் வளந்தோம், எவன் செத்தான்? ப்ரிட்டாகிட்ட மூச்சு விட்டேன்னு வை, அவ புருஷன் ஊரெல்லாம் தமுக்கடிப்பான். அப்புறம் உங்கப்பன ஜெயில்ல வந்து பாத்துக்க," என்றார்.

அன்றிலிருந்து மாலையானால் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஒப்பிக்க வைக்கிறார். எங்கே உட்கார்ந்தாய், காற்று எந்தப் பக்கம், குண்டு எங்கே பாய்ந்தது. தடுமாறினால், "வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியுதுல்ல, இது மட்டும் ஏறாதா?" என்று மறுபடியும் முதலிலிருந்து. அதற்குப் பிறகு சாப்பாடு. அதே இறைச்சிதான். என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுக்கொள்கிறார். நான் என் பங்கைக் கைக்குட்டையில் ஒளித்துவிடுகிறேன். அம்மா பல்வலி என்கிறாள். நேற்று உப்புப் பட்டாணியைக் கடகடவென்று மென்றுகொண்டிருந்தாள்.

பரணுக்குக் கீழே அப்பா இன்னும் மக்காச்சோளம் கொட்டுகிறார். ஜன்னலிலிருந்து பார்த்தால் நிலா வெளிச்சத்தில் ஏழெட்டு மான்கள் ஒரே குவியலில் வாய் வைத்துத் தின்கின்றன. எதற்கு ஒட்டிவிட்டது, எதற்கு இன்னும் ஒட்டவில்லை என்று தெரியவில்லை. அதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இறைச்சியை வெட்டிய கத்தியையும் பலகையையும் ப்ளீச்சில் ஊறவைத்துக் கழுவச் சொல். நீ செய்யாதே, அத்தான் கையுறை போட்டுக்கொண்டு செய்யட்டும்.

இன்று அம்மா முதியோர் இல்லத்துக்கு ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது என் கணக்குப் புத்தகத்தை எடுத்துத் திருப்பி வைத்தாள். "நாளைக்குப் பனி கொட்டுமாம். பள்ளிக்கூடத்துகிட்ட இருக்கிற நீலத் தபால்பெட்டி மூடிப்போறதுக்குள்ள போயிடு," என்றாள். அவ்வளவுதான். பிறகு திறந்து பார்த்தேன். உள்ளே தபால்தலை ஒட்டிய உறை இருந்தது. அம்மா கையெழுத்தில் உன் முகவரி.

சனிக்கிழமை இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போனில் கூப்பிடு. அப்பா எடுத்தால், சாசேஜ் எப்படி என்று கேட்பார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிடு. பிறகு என்னைக் கேள். இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை என்றால், பஸ்டர் நன்றாக இருக்கிறான் என்று என்னிடம் சொல். திறந்திருந்தால் அவன் பேச்சையே எடுக்காதே, நான் புரிந்துகொள்வேன்.

வெள்ளிக்கிழமை அந்த ஆளைக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டுவேன். அவரும் நீதானே சுட்டாய் என்று கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. ஆனால் அப்பாவைத் தவிர வேறு யார் முகத்தைப் பார்த்தும் ஒப்பித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பதிலாக அம்மா போனை எடுத்தால், நான் ஒப்பிக்கவில்லை என்று அர்த்தம்; அவளிடம் ஏன் என்று கேட்காதே. உடனே என்னைக் கூப்பிடு. என்னோடு கொஞ்ச நேரம் பேசு, சீக்கிரம் வைத்துவிடாதே.

பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். பஸ்டர் நன்றாக இருக்கட்டும்.

உன் தங்கை,
சிக்னி