மூன்று அருவியிலும் உன் பேச்சுதான்

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

நேற்று பேத்தி என்னைக் காரில் கூட்டிப்போய் மூன்று அருவிகளைக் காட்டினாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், கிளம்பித் தயாராக நின்ற என்னை விட்டுவிட்டு, நீயும் உன் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டு வந்தீர்களே, அதே அருவிகள்தான். அன்று நீ கட்டியிருந்தது பச்சைச் சேலை.

இரண்டாவது அருவியின் சாரல் கார் கண்ணாடி வரை தெறித்தது. அங்கேயும் நீ என்னை விட்டுப் போன கதையைத்தான் பேத்தியிடம் சொன்னேன். கடைசியில் ஆற்றைப் பார்க்கும் மேட்டில் பேத்தி சிரித்துவிட்டாள்.

"காலைலேருந்து சின்னப் பாட்டியத்தான் திட்டுறீங்க. பேசாம அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாம் பாட்டி."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறோம். காலை ஆறு மணிக்கு வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறோம். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன்னைத் திட்டித் தீர்க்க ஒரு நாள் முழுக்க வேண்டும். அதனால் உனக்கும் சேர்த்தே சாப்பாடு கட்டி வருகிறேன்.

கோபம் ஆறாத
உன் அக்கா