மொட்டையடித்த மல்லிகை

துபாய் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட உடையப்பன், கவாத்து செய்கிறேன் என்று தை மாதத்தில் கொல்லைத் தொட்டியிலிருந்த குண்டுமல்லியைக் கட்டையாக வெட்டிவிட்டார். "செடிக்கு மொட்டையடிச்சிட்டீங்களே!" என்று அழுத மனைவி அமுதவல்லி, அதன்பிறகு அந்தப் பேச்சு வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று விடியலில் தண்ணீர் ஊற்றப் போனவள், கிளைக்குக் கிளை மொட்டு விட்டிருப்பதைக் கண்டாள். அதை நேரில் சொல்லித் தோற்றுப்போக மனமில்லை. அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"விராலிமலைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் வந்துருவேன். கருவாட்டுக் கொழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுங்க.

கொல்லைப் பக்கம் எட்டிப் பாருங்க. செடி பொழைச்சுக்கிச்சு. ஒடனே மீசையை முறுக்க வேணாம், தெனம் தண்ணி ஊத்துனது நான். நீங்க வெட்டுனது சரிதான்னு சொல்லவே மாட்டேன். கத்தரியை ஒளிச்சு வச்சிருக்கேன். இல்லாட்டி அடுத்து முருங்கையில கை வைப்பீங்க."

தாள் நிறைந்துவிட்டது. வாசல் வரை போனவள் திரும்பி வந்து, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"மொத மொட்டு ரெண்டைக் காணோம்னு தேடாதீங்க. அது என் தலையில பஸ் ஏறிப் போகுது."