சதிக்கு இரண்டு பேர் வேண்டும்

இன்று காலை நம் கம்பெனியில் இருந்த அந்த மேனேஜரிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது. தன் வேலை போன பிறகும் அவர் பேச்சில் மரியாதை குறையவில்லை. “நீங்க பண்ணுனது சூழ்ச்சிங்க, கண்ணு.” மூன்று முறை போட்டுக் கேட்டேன். இனித்தது. உடனே உன் நினைவுதான் வந்தது.

தமிழ் படித்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலம்பாளையத்துக்கு வந்து பனியன் கம்பெனியில் தரம் பார்த்தவள் நீ. சாப்பாட்டு நேரத்தில் நான் எல்லாவற்றையும் ‘தந்திரம்’ என்றால் சண்டைக்கு வருவாய். “தந்திரம் நல்லதுக்கும் உண்டுட்டி. சூழ்ச்சின்னா பழைய தமிழ்ல ஆலோசனைதான். சதிக்கு ரெண்டு பேராவது வேணும். வஞ்சகம் மட்டும் நம்புனவங்ககிட்டதான் நடக்கும்.”

உனக்கு நடந்தது அந்தக் கடைசிச் சொல். குழந்தைச் சட்டைகளில் பொத்தான்கள் இழுத்தால் கையோடு வந்தன. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். சரக்கு தேறாது என்று எழுதி, அடுத்த பக்கத்தில் கையெழுத்துப் போட்டாய். “மேசை மேல வெச்சிட்டுப் போங்க சாமி, நான் பாத்துக்கறேன்” என்றார் மேனேஜர். சரக்கு தேறும் என்று முதல் பக்கத்தை மட்டும் மாற்றி வைத்து, கப்பலேற்றினார்.

சரக்கு திரும்பி வந்தது. எல்லோர் முன்னாலும் தாளை நீட்டி, “கையெழுத்து உங்களுதுதானுங்களே?” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். என் வேலை போய்விடும் என்ற பயம். அந்த நிமிடத்தில் அவருடைய சதிக்கு இரண்டாவது ஆள் கிடைத்தது.

உன்னை அன்றே அனுப்பினார்கள். பல்லடத்தில் தறி வேலைக்குப் போனாய். “குழந்தைங்க வாயில பொத்தான் போயிருக்கும்ட்டி, நானா விட்டிருப்பேன்?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டாய். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டாய்.

பேக்கிங் பிரிவில் காட்டுவதற்காக, நீ எழுதிய அந்த முதல் பக்கத்தை அவர் மாற்றுவதற்கு முன்பே என் போனில் படமெடுத்திருந்தேன். உனக்கு அது தெரியாது. உன் காரியம் முடிந்ததும் பழி வாங்குவதென்று உட்கார்ந்து யோசித்தேன். அவருக்கு நல்லவளானேன். முதலாளியும் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களும் ஒரே அறையில் இருக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். தரம் பார்ப்பதில் கம்பெனியின் கண்டிப்பைப் பற்றி மேனேஜர் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது படத்தின் நகலை மேசையில் வைத்தேன்.

“ஏனுங்க, இது எதுக்குங்க இப்ப?”

“நீங்க எடுத்துட்டு வேற வெச்சீங்களே, அந்த அசல் பக்கமுங்க.”

முதலாளி பழைய கோப்பை வரவழைத்து இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், அவர் வேலை போனது. மேனேஜர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். நான் கண்ணை எடுக்கவில்லை. இப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை.

அன்று மாலையே மண்ணரைக்குப் போய் உன் மகளிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கி உன் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அம்மா இருக்கும்போதே இது உங்க போன்ல இருந்துச்சா, சித்தி?”

ஆமாம் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இன்னும் என்னோடு பேசவில்லை.