சாய்ந்து நிற்பவள்

டுலூத்
நவம்பர், முதல் வியாழன்

தண்ணீர்மேல் இருக்கும் என் டேலுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நாயை, டர்னிப்பை, வெளியே கூட்டிப்போனேன். அதற்குப் பிறகுதான் போனை எடுத்து உன் கப்பல் எங்கே என்று பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் நான் முதலில் விசாரித்தது ஏரியைத்தான். முன்பு வானொலியில் அலை உயரம் கேட்பேன், இப்போது போனில் அந்தப் பச்சை அம்புக்குறி. இன்று அந்த வரிசை மாறிவிட்டது. கோட்டைக் கழற்றும்போதுதான் எனக்கே அது உறைத்தது. இந்தக் கடிதத்துக்கு அதுதான் காரணம்.

ராத்திரி முதல் பனி விழுந்திருந்தது. டர்னிப் தெற்கத்தியவள், பனியைக் கண்டதில்லை. வாசற்படியில் ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், நான்தான் கொண்டுவந்து கொட்டியது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடமைக்கு இரண்டடி போய், வேலையை முடித்துவிட்டு, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். உன் அம்புக்குறி வைட்ஃபிஷ் முனையை நெருங்கியிருந்தது. வடமேற்குக் காற்று என்று போட்டிருந்தார்கள். கம்பளி பனியனைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே, போட்டுக்கொள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஏரி நடுவில் பேச்சு அறுந்துபோகிறது. அப்படி அறுந்துபோவது நம் இருவருக்கும் சில சமயம் வசதியாகவும் இருந்திருக்கிறது. டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு கப்பலை ஒட்டி வரும்போது கயிற்றில் வாளியை விட்டு இதைத் தூக்கிக்கொள்வாய். சமையல்காரர் கஸ் வழக்கம்போல உறையைப் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டு, "சென்ட் வாசமே இல்லையேப்பா, பொண்டாட்டிக்கு உன்மேல கோவம்டா" என்பார். நாய் வாசனை இருக்கும், நன்றாக மோந்து பார்க்கட்டும்.

செப்டம்பரில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "ஜனவரில நான் வர்றப்போ அந்த நாய் வீட்ல இருக்கக் கூடாது, மார்னி. இருந்தா நான் கப்பலுக்குக் காவலா இங்கயே தங்கிடறேன். ஆள் வேணும்னு கேட்டுட்டுத்தான் இருக்காங்க" என்றாய். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஏரி உறைகிற ஜனவரியில் இயந்திரம் அணைந்து, கரையில் கட்டிக்கிடக்கிற கப்பலில் மாதக்கணக்காகத் தனியாக ஒரு ஆள். அந்த ஆள் நீ என்பதை அதற்குப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஜூலையில் உனக்கு வர வேண்டிய விடுமுறையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்தாய். அவன் மனைவிக்குப் பிரசவம் என்றாய். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை, இவள் எப்படி வந்தாள் என்று. நீ கப்பலேறிய அடுத்த மாதம் நாய்க் காப்பகத்திலிருந்து பெவ் கூப்பிட்டாள். ஆர்கன்சாவிலிருந்து ஒரு வேன் நாய்கள் வருகின்றன, வைக்க இடமில்லை, இரண்டே வாரம் ஒன்றை வைத்துக்கொள் என்றாள். அந்த வாரம் வந்த நாய்களுக்கெல்லாம் காய்கறிப் பெயர் வைத்திருந்தார்கள். பீட்ரூட் குதித்து இறங்கியது, செலரி இறங்கியது, கடைசிவரை ஒருத்தி மட்டும் இறங்கவில்லை. சாம்பல் நிறம், செங்கல் மாதிரி தலை; ஊரெல்லாம் கடிநாய் என்று பயப்படுகிற பிட் புல் ஜாதி. காதுகளை யாரோ கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பல ஈற்றுக் குட்டிகள் குடித்து வயிறு தொங்கிப்போயிருந்தது. நான் வேன் கதவோரம் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. பிறகு அவள் இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழுப் பாரத்தையும் என் தோள்மேல் போட்டுச் சாய்ந்து நின்றாள். அவ்வளவுதான். நக்கவில்லை, வாலாட்டவில்லை. யாரோ ஒரு வழிப்போக்கர் பேருந்து நிறுத்தத்தில் சுவரில் சாய்வதுபோலத்தான் இருந்தது.

இரண்டு வாரம் இத்தனை மாதமானதற்குக் காரணம் அவள் இதயத்தில் இருந்த புழு. தெற்கே கொசுக்கடியில் வருவது. அதற்கு ஊசி போட்டால் மாதக்கணக்கில் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது. நான் பகலெல்லாம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். ஊசி போட்ட அதே ஜூன் மாதம்தான் உன் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். அவரும் கீழ்த்தளத்தில், எழுந்து தனியாக நடமாடக் கூடாது. வேறு வழியில்லாமல் டர்னிப்பின் கூண்டை உன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீயே யூகித்துக்கொள்ளலாம். "வோய் வோய்! என்னையும் அந்த முதலையையும் ஒரே ரூம்ல போட்டு அடைக்கிறியா? யார் முதல்ல சாகறாங்கன்னு பார்க்கணுமாடி உனக்கு?"

முதல் வாரம் அவர் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இரண்டாவது வாரம், வெப்பக் காற்று வரும் தரைச் சல்லடை வழியாக மாடியில் எனக்குப் பேச்சுக்குரல் கேட்டது. விருந்தாளி யாரோ என்று இறங்கிப் போனால், உன் அம்மா பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்தை நாய்க்கு வாசித்துக்கொண்டிருந்தார். "இந்தா பாரு, ஆர்வோ போயிட்டான். டான்ஸ் ஆட வர்றேன்னு வந்து என் கால மிதிச்சே நசுக்கினவன். இந்த போட்டோ முப்பது வருஷத்துக்கு முந்தினது, ஏமாந்துடாதே." டர்னிப் கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உன் அம்மா பத்திரிகையை மடித்து, "தூக்கம் வரல, அதான்" என்றார். மணி காலை பத்து.

இப்போது சனிக்கிழமை அவர் சுடுகிற ஏலக்காய் ரொட்டியின் ஓரம் டர்னிப்புக்குத்தான். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண் எழுந்து நடக்கச் சொன்னால் உன் அம்மா வலிக்கிறது என்பார். "டர்னிப் நடக்கணுமாம், டாக்டர் சொல்லிட்டார்" என்றால் போதும், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு பேரும் முக்குவரை போய்வருகிறார்கள். அவர் வேகத்துக்கு மேல் அவள் ஒரு அடி வைப்பதில்லை.

எல்லாரும் இப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதே. எதிரே வருகிறவர்கள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் தலையையும் தாடையையும் வேறு யார் வீட்டிலாவது நான் பார்த்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இந்த முதலை எதற்கெல்லாம் பயப்படுகிறது தெரியுமா? ரொட்டி சுடுகிற மெஷின் டக்கென்று துள்ளினால் பயம். எதிர்வீட்டு வாசலில் காற்றடைத்த பூசணிக்காய் பொம்மைக்குப் பயம். ஹாலோவீன் அன்று முகமூடி போட்ட வாண்டுகள் மிட்டாய் கேட்டு வந்தபோது வாக்கருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். உன் அம்மா அந்தப் பிள்ளைகளிடம், "சீக்கிரம் எடுத்துட்டு ஓடுங்கடா, எங்க காவல் நாய்க்கு மயக்கம் வந்துடும்" என்றார்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன்.

நீ செப்டம்பரில் பேசிய அன்று உன் அம்மாவிடம் சொன்னேன். சின்ன வயதில் உன் தம்பி லைலின் கன்னத்தை ஒரு பிட் புல் கிழித்துவிட்டது, அதனால்தான் உனக்கு இந்தப் பயம் என்றேன். உன் அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பிட் புல்லா? யார்டி சொன்னது? அது பாஸ்டர் ஹால்வர்ஸன் வீட்டு ஸ்பேனியல். தொங்கக் காது, பட்டு மாதிரி முடி. அவங்க வீட்டம்மா அதுக்கு ரிப்பன் கட்டிவிடுவா." ஏன் யாருக்கும் தெரியாது என்று கேட்டேன். "பாஸ்டரோட நாய எப்படிடி கைகாட்டறது? ஞாயித்துக்கிழம போனா அவர் கையாலதான அப்பம் வாங்கணும். ஏதோ தெருநாய்னு சொல்லிட்டோம். அவரும் ஒண்ணும் சொல்லல, நாங்களும் ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் ஒரு பெரிய கேக் வந்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல கேக்" என்றார்.

இதை வைத்து உன்னை ஜெயிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே, டேல். தெருநாய் என்று மட்டும் சொன்னார்கள். அது எப்படிப்பட்ட நாய் என்பதை, பிற்பாடு தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்து நீயே நிரப்பிக்கொண்டிருப்பாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் நிரப்பியிருப்பேன். ஆனால் தம்பியின் கன்னத்தில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அம்மா வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தது நீதான். ஏழு வயதுப் பிள்ளையின் கை. அந்தக் கைக்கு எந்த ஜாதி நாய் என்பதெல்லாம் கணக்கே இல்லை. ஸ்பேனியல் என்று தெரிந்ததும் பயம் போய்விடும் என்று நான் நம்பவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

போன ஞாயிறு ரோச்செஸ்டரிலிருந்து ஒரு தம்பதி டர்னிப்பைப் பார்க்க வந்தார்கள். நல்லவர்கள். வேலி போட்ட கொல்லை இருக்கிறது. அவர்களுடைய கிழட்டு நாய் வசந்தத்தில் இறந்துபோயிருக்கிறது, அதுவும் காப்பகத்து பிட் புல்தான். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தார். டர்னிப் நேரே போய், அவருக்கு முதுகைக் காட்டி, முழுப் பாரத்தோடு சாய்ந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறைக்காமல் சொல்கிறேன்: எனக்குப் பொறாமை. பெவ்விடம், "இவ எல்லார் மேலயும் சாய்வாளா?" என்று கேட்டேன். "பின்னே? உன் மேல மட்டும் சாயறதுக்கு இவ என்ன உன் புருஷனா?" என்றாள். அவர்கள் இந்தச் சனிக்கிழமை அழைத்துப்போகத் தயார். நாளை மதியத்துக்குள் நான் சரியென்று சொல்ல வேண்டும்.

தற்காலிகமாக வளர்க்க வந்து கடைசியில் நாயைத் தானே வைத்துக்கொள்கிறவர்களைக் காப்பகத்தில் 'தோற்றவர்கள்' என்பார்கள். சுவரில் ஒரு பலகையில் பெயர் எழுதி, கேக் வெட்டிக் கிண்டல் செய்வார்கள். கிண்டலில் நியாயமும் உண்டு. ஒரு வீடு நிரம்பிவிட்டால் அடுத்த வேனில் வருகிற ஒன்றுக்கு இடம் போகிறது. அந்தத் தம்பதியிடம் டர்னிப் சந்தோஷமாகத்தான் இருப்பாள். நான் இல்லாவிட்டால் அவள் செத்துப்போக மாட்டாள். எல்லாவற்றையும் நான் யோசிக்காமல் இல்லை.

யோசித்தபோது போன வருட நவம்பர் ஞாபகம் வந்தது. நம் மகள் பிரிட்டா கல்லூரிக்குப் போன முதல் வருடம். வேலையிலிருந்து வந்து, கோட்டுகூடக் கழற்றாமல், விளக்குப் போடாமல், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கீழே உன் அம்மாவின் தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும். இறங்கிப் போகத் தோன்றாது. நீ கூப்பிட்டு, "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்பாய். நல்லா இருக்கு என்பேன். அப்போதெல்லாம் லைன் தெளிவாகத்தான் இருந்தது, டேல். இப்போது கதவைத் திறந்ததுமே அவள் வந்து என் முழங்காலில் சாய்ந்துவிடுகிறாள். நான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாரத்தில் அடியெடுத்து வைக்காவிட்டால் இருவரும் விழுந்துவிடுவோம் என்பதால் விளக்கைப் போடுகிறேன், சாப்பாடு எடுத்துவைக்கிறேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்து நானும் சாப்பிடுகிறேன். கீழேயும் இறங்கிப் போகிறேன்.

நீ கடலுக்கு நிகரான அந்த ஏரியைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

ஜனவரியில் நீ வந்தால் டர்னிப் கீழ்த்தளத்தில் உன் அம்மாவோடு இருப்பாள். இப்போது என் காலடியில் போர்வைக்குள் நுழைந்து படுக்கிறவள், அதை நிறுத்திக்கொள்வாள், நானும் கூப்பிட மாட்டேன். மாடிக் கதவு சாத்தியே இருக்கும். அதைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். குளிர்காலம் முழுவதும் திறக்காமலே போனாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அவளைத் தொட வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். கப்பலைக் காக்க அவர்களுக்கு வேறு ஆள் கிடைப்பான்.

நாளை காலை உன் அம்மா கண்விழிப்பதற்கு முன்பே பெவ்வைக் கூப்பிட்டு, ரோச்செஸ்டர்காரர்களுக்கு வேறு நல்ல நாயாகப் பார்க்கச் சொல்லப்போகிறேன். இன்னும் யாருக்கும் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது, பிரிட்டாவுக்கும் தெரியாது. இது உன் கைக்கு வரும்போது முடிந்துபோன விஷயமாக இருக்கும். உன்னிடம் கேட்டுச் செய்யவில்லை, உனக்குத் தெரியாமல் செய்யவும் மனம் வரவில்லை.

நவம்பர்க் காற்று உன் கப்பலைத் தேடாமல் போகட்டும். உன்னோடு இருக்கும் அத்தனை பேரும் பத்திரமாகக் கரையேறட்டும். கரையேறியதும் நேரே வீட்டுக்கு வந்துவிடு, டேல். வந்துவிடு.

உன்
மார்னி