கூட்டுரோட்டுக்கு இறங்கிய அலுவலகம்

மேல்கொல்லை,
12.7.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

கோகிலவாணி எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் காது எப்படி இருக்கிறது? போன் போட்டால் பிரகாஷ் அண்ணன், "இன்னா சொன்னாலும் அப்பாவுக்குக் கேக்கலம்மா, நீ எழுதிப் போடு" என்கிறார். இங்கே சாமை விதைத்தாகிவிட்டது. நீங்கள் நட்ட பலா இந்த வருடமும் நன்றாகக் காய்த்திருக்கிறது.

எதற்காகக் கோபித்துக்கொண்டு சந்தவாசலுக்கு இறங்கிப் போனீர்களோ, அதையே மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. நம் ஊராட்சி அலுவலகத்தில் இனி ஆள் உட்காரக் கூடாது என்று இன்ஜினீயர் எழுதிக் கொடுத்துவிட்டார். கூரையில் கம்பி தெரிகிறது. கிராம சபையில் முடிவானபடி புதிய கட்டடம் கீழே கூட்டுரோட்டில்தான் வரும். தலைவராக நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பழைய கட்டடத்தின் வரலாற்றைப் புதிய கல்வெட்டில் நான்கு வரி போட ஆசை. அதைக் கட்டிய தலைவர் நீங்கள். நீங்களே எழுதித் தாருங்கள்.

உங்கள் மகள்,
கோகிலவாணி


சந்தவாசல்,
30.7.2023

மகள் கோகிலவாணிக்கு,

கடிதம் கிடைத்தது. காது அப்படியேதான். பிரகாஷ் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. வெயில்தான் தாங்கவில்லை.

வரலாறு கேட்டாய், எழுதுகிறேன். நான் தலைவரானபோது ஊராட்சிக்கென்று ஒரு கூரை கிடையாது. கூட்டம் மரத்தடியில் நடக்கும், மழை வந்தால் கலைந்துவிடும். 1988இல் கட்டடத்துக்கு அனுமதி வந்தது. அப்போது மலைக்கு ரோடு ஏது? சிமென்ட் மூட்டைகளைத் தலைச்சுமையாகவே மலையேற்றினோம். கல்லை ஓடையில் உடைத்தோம். சுவர் காயாமலிருக்க உன் அம்மா சாந்தம்மாள் தினமும் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினாள். அப்போது நீ அவள் வயிற்றில். திறப்பு விழா அன்றுதான் அவளுக்கு வலி எடுத்தது. மாலையோடு மேடையில் நின்றிருந்தேன், பக்கத்தில் இருக்க முடியவில்லை.

அந்தக் கட்டடத்துக்கும் உனக்கும் ஒரே வயது. அதை மூட உன் கைதான் கையெழுத்துப் போட்டிருக்கிறது. என் பெயரைக் கல்லில் போட வேண்டாம்.

சக்கரவர்த்தி,
முன்னாள் தலைவர்


மேல்கொல்லை,
20.8.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா தண்ணீர் சுமந்தது எனக்கு இதுவரை தெரியாது. படித்துவிட்டு, போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கீழ்க் குக்கிராமத்துக்காரர்கள் அன்றைக்கே கூட்டுரோட்டில் கட்டச் சொல்லிக் கேட்டார்களாம். "தலைவன் இருக்கற எடத்துலதான் ஆபீஸ் இருக்கணும்" என்றீர்களாம். கோவிந்தன் மாமா கிராம சபையில் சொன்னார். அன்றிலிருந்து அவர்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் கீழ்க் குக்கிராமத்துச் சின்னக்குழந்தை அத்தை இறந்ததை உங்களிடம் மாரடைப்பு என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. தெருக்குழாய் கேட்க என்னைப் பார்க்கத்தான் மழையில் நடந்தே ஏறி வந்தார். பாதி ஏற்றத்தில், "முடியலடி, கொஞ்சம் குந்திக்கினு வர்றேன், நீ முன்னால போ" என்று மருமகள் வசந்தியிடம் சொல்லியிருக்கிறார். வசந்தி அலுவலகத்துக்கு வந்து சொன்னதும் ஓடினேன். பாறையில் சாய்ந்தபடியே உயிர் போயிருந்தது. தலையை என் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிராம சபை கூடியது பிறகுதான். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கோபம் இருந்தால் திட்டியாவது எழுதுங்கள் அப்பா.

கோகிலவாணி


மேல்கொல்லை,
5.1.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தீபாவளிக்குப் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், தினமும் பேப்பர் படிக்கிறீர்கள் என்று அண்ணன் சொன்னார். அதுவரை நிம்மதி.

புதிய கட்டடம் முடிந்தது, தை பிறந்ததும் திறக்கிறோம். உங்கள் சொல்லை மீற மனம் வராமல் கல்வெட்டில் உங்கள் பெயரைப் போடவில்லை. பழைய அலுவலகத்தைக் கல்லும் தண்ணீரும் சுமந்து கட்டியவர்கள் மலை மக்கள் என்று மட்டும் பொறித்திருக்கிறோம்.

பழையதை இன்னும் இடிக்கவில்லை. ஆள் வந்து நாள் கேட்கிறார், நான் தள்ளிக்கொண்டே போகிறேன். திறப்பு விழாவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. இடிக்கிற அன்று வாருங்கள். தனியாக நின்று பார்க்க என்னால் ஆகாது.

உங்கள் மகள்,
கோகிலவாணி


கூட்டுரோடு,
29.1.2024

அனுப்புநர்: சக்கரவர்த்தி, மேல்கொல்லை.
பெறுநர்: தலைவர் அவர்கள், ஊராட்சி அலுவலகம், கூட்டுரோடு.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். சந்தவாசலில் ஏறிய பஸ் அலுவலக வாசலிலேயே நின்றதால், இந்த வயதிலும் யார் துணையும் இல்லாமல் வந்து, வரிசையில் நின்று இம்மனுவைத் தருகிறேன்.

சில மாதங்கள் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். இனி மேல்கொல்லையில் என் மகள் வீட்டில்தான் குடியிருப்பேன். குடும்ப அட்டையில் என் பெயரை அங்கே சேர்க்க, நான் அவ்வூரில் வசிப்பவன் என்று தாங்கள் சான்று தர வேண்டும்.

எனக்குக் காது கேட்காது. கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டினால் பதில் சொல்வேன். பழைய கட்டடம் இடிக்கும் நாளையும் அதிலேயே குறித்துத் தரவும். தலைவருடன் நான் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சக்கரவர்த்தி