மாலைக்கு ஒரு போட்டோ

அன்புள்ள அக்கா தேவிப்ரியாவுக்கு, யுவன் எழுதுவது.

மஸ்கட்டில் நீயும் மச்சானும் நன்றாகத்தான் இருப்பீர்கள், அதனால் நலம் விசாரிக்கவில்லை. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், பக்கத்து அறையிலிருந்து அம்மா "போனை வைங்கடா ரெண்டு பேரும்" என்கிறாள். அதனால்தான் மெயில். முழுசாகப் படி.

அம்மாவுக்கு கேன்சர் கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டாலும், புது ஊசியை ஆரம்பித்தால் இன்னும் சில மாதம் கிடைக்கலாம் என்றார் டாக்டர். வெறும் "லாம்"தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஒரு மோட்டார் சூடாகிறது என்றால், பழசுதானே, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று எழுதிவைத்துவிட்டு நான் வீட்டுக்கு வர முடியுமா? நீ நர்ஸ். நீயே "அம்மா இஷ்டம்டா" என்கிறாய். அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

ஊசிக்கு முதலில் குறுக்கே நின்றது நாடகம். ஊசி போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், வசனம் பேச வராது, நாடகம் முடியட்டும் என்றாள். இப்போது அதற்குப் பிறகும் வேண்டாம் என்கிறாள்.

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் சங்க ஹாலில் கலைவாணன் சார் போடுகிற நாடகம். சாகப்போகிறவனிடம் அதைச் சொல்லலாமா கூடாதா என்று ஒரு வீடே அடித்துக்கொள்ளும் கதை. அம்மாவுக்கு நோயாளி வேஷம் என்றாலாவது புரியும். இவளுக்கு டாக்டர் வேஷம்! என் காலேஜ் லேப் கோட்டைப் போட்டுக்கொண்டு எல்லாரையும் மிரட்டுகிறாள். "நான் பாக்காத டாக்டரா, எந்த டாக்டர் மாதிரி வேணும்னு கேளுங்க" என்று பெருமை வேறு.

நோயாளியாக நடித்தவர் பரசுராமன், பட்டுச் சேலைக் கடையில் சேல்ஸ்மேன். கடைசிக் காட்சியில் அவர் போட்டோவுக்கு மாலை போட வேண்டும். விஷயம் தெரிந்ததும் அவர் மனைவி சங்கீதா ஒத்திகை நடுவிலேயே வந்து போட்டோவைப் பிடுங்கிக்கொண்டார். "உசிரோட இருக்கிற மனுசனுக்கு மாலையா? உங்க வீட்டு ஆம்பளை போட்டோவை வச்சுக்கோங்க" என்று சொல்லி, புருஷனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவை அழைத்துப் போக வந்திருந்த என்னை எல்லாரும் பார்த்தார்கள். "சாமியும் கிடையாது பூதமும் கிடையாதுன்னு திரிஞ்சிக்கினு இருக்கிறானே, இவனையே போடுங்க சார்" என்றது யார் தெரியுமா? அம்மாதான். போட்டோ என்பது காகிதமும் மையும்தானே. நானும் சரி என்றேன்.

கட்டிலில் படுப்பதுதான் பாதி வேஷம். அதற்கும் திட்டு. "ஷிப்ட் முடிஞ்சு வந்தவன் மாதிரி படுத்துக்கினு இருக்கிற, சாகப்போறவன் மாதிரி படுடா" என்றாள். "நீ படுக்கிற மாதிரிதாம்மா படுத்திருக்கேன்" என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் சிரித்தாள்.

நேற்று கடைசி ஒத்திகை. என் போட்டோவைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு வைத்திருந்தார்கள். துக்கம் விசாரிக்க வரும் டாக்டர்தான் மாலை போட வேண்டும். அம்மா மாலையோடு கிட்டே போனாள். நின்றாள். கலைவாணன் சார், "போடுங்கம்மா" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் அப்பா போட்டோவுக்குப் பூ வைக்கிற கை அது. மாலையைத் தரையில் போட்டுவிட்டு, போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். "இந்த சீன் வேணாம் சார். எடுத்துடுங்க" என்றாள். தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை டீ குடித்துக்கொண்டே கேட்டவள், அக்கா.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! செவிலிமேட்டில் வீடு வந்து சேருகிற வரைக்கும் பைக்கில் கத்திக்கொண்டே வந்தேன். ஒரு போட்டோவுக்கே உன்னால் முடியவில்லை, நிஜத்துக்கு மட்டும் நான் சரி என்று தலையாட்ட வேண்டுமா என்று கேட்டேன். வாசலில் இறங்கித்தான் அம்மா பேசினாள். "நீ எனக்குப் போடலாம்டா. நான் உனக்குப் போடக் கூடாது. அவ்ளோதான்." சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் சட்னி அரைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இதில் எங்கே தப்பு என்று நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நாடகம். மறுநாள் ஊசிக்குத் தேதி. வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் பண்ணிச் சொல்ல வேண்டுமாம். உன்னிடம் சொன்னால் நீ உடனே செய்துவிடுவாய் என்று தெரிந்தும், என் வாயால் வர வேண்டும் என்றுதான் என்னிடம் சொல்கிறாள்.

நீ அந்த போனைப் பண்ணிவிடாதே. நானே பண்ணுகிறேன். பண்ணும்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும். லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று பதில் எழுதாதே. கிளம்பி வா அக்கா.

உன் தம்பி
யுவன்